நின்ற கால்

சாமம் ஒன்றரை. கைபேசிக்குள் பனி.
பக்கத்து அறை எழும்பிவிடும் என்று
சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கிறேன்.
கனடாவில் ஒரு மலை.
பெரியப்பாவின் மகன் அந்தப் பக்கம்தான்,
வாசலில் பனி அள்ளி அள்ளி முறைப்பாடு சொல்கிறவன்.
அதே பனியில் செம்மஞ்சள் சட்டை, ஏழாம் இலக்கம்,
யொரிண்டா.

ஒல்லாந்துக்காரி என்றதும்
பட்டறையில் யோகதாஸ் கேட்டான்:
"கோட்டை கட்டின ஆக்களோ?
அங்க மலை இருக்கோ?"
இல்லை.
எங்களைப் போலத்தான், தட்டை.
கடல் கொஞ்சம் நினைத்தால் உள்ளே வந்துவிடும்.
பெரிய கொட்டகைக்குள் பனியைக் கொட்டி
அதில் பழகினவளாம்.
எனக்குக் கண்ணுக்குள் வந்தது
குருநகரில் மீனுக்கு ஐஸ் உடைக்கிற இடம்.

பத்தொன்பது வயதில் எலும்புக்குள் கட்டி.
இடது, முழங்காலுக்குக் கீழே.
எனக்கும் இடது, எனக்கும் கீழே.
கட்டி இல்லை, முகமாலை.
சம்பளத்துக்குக் கண்ணிவெடி கிண்டின காலம்.

பன்னிரண்டு வருடம் ஓடியிருக்கிறாள்.
ஒரு வெண்கலம். இரண்டு நாலாமிடம்.
தோள்மூட்டு இரண்டு தரம்.
ஒரு முழுப் பருவம் மொட்டைக்காலில் புண் வந்து
கதிரையில் இருந்து மற்றவர்களுக்குக் கைதட்டினது.
அந்தப் பருவம்தான் எனக்கு நல்லாய்த் தெரிந்தது.

இன்றைக்குக் கடைசிப் பந்தயம்.
மூன்றாம் வளைவில் பலகையின் விளிம்பு பனியைக் கடித்தது.
எறிபட்டாள்.
வலது கால் பலகையோடு முறுகிக் கிடக்க
ஆள் மல்லாக்க.
இடது கால் மட்டும்
பூட்டின இடத்தில் பூட்டினபடி
நிமிர்ந்து நின்றது.

நான் சிரித்துவிட்டேன்.
வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணி வர.
கொடிகாமம் பஸ்ஸில் ஒருநாள்
என் கால் படியிலேயே நின்றுவிட்டது,
நான் இறங்கிவிட்டேன்.
"அக்கா, உங்கட சாமான்" என்று
கொண்டக்டர் இரண்டு கையாலும் நீட்டினான்,
அர்ச்சனைத்தட்டு மாதிரி.

அவள் எழும்பி இருந்தாள்.
குழிக்குள் அடைந்த பனியை விரலால் வழித்தாள்.
உறையை இழுத்து, உள்ளே வைத்து, அழுத்தினாள்.
சத்தமில்லாத திரையில் நான் எண்ணினேன்:
டிக். டிக். டிக்.
நாலாவது பூட்டு விழ முதல்
பாரம் கொடுக்கக்கூடாது.
வருகிற எல்லாருக்கும் நான் சொல்வது அதுதான்.
நாலாவது விழுந்த பிறகுதான் கொடுத்தாள்.

நாற்பத்தொரு விநாடி பிந்தி வந்து சேர்ந்தாள்.
மற்றவர்கள் கட்டிப்பிடித்து முடித்திருந்தார்கள்.
கையுறையைக் கழற்றி எதையோ நீளமாய்ச் சொன்னாள்.
கீழே ஓடின எழுத்தும் அவளுடைய மொழிதான்.

ஞாயிறு மணற்காட்டுக்குப் போனேன்.
உடைந்த ஃபைபர் வள்ளத்தில் ஒரு துண்டு,
யோகதாஸ் அறுத்து விளிம்பு தேய்த்தது.
கால் கட்ட மோட்டார்சைக்கிள் டியூப்.
சவுக்குத் தோப்பில் யாரும் இல்லை என்று
இரண்டு தரம் பார்த்தேன்.
முதலாம் முறை பலகை அசையவே இல்லை.
இரண்டாம் முறை பலகை நின்றது, நான் போனேன்.
மூன்றாம் முறை
நாலு விநாடி, ஐந்தும் இருக்கலாம்,
ஒரு முழம் முன்னுக்குப் போக
அரை மணித்தியாலம் கேட்ட மண்
என்னைப் பிடிக்காமல் விட்டது.

பிறகு வாய் நிறைய மணல்.

பனி என்றால் உருகிப் போயிருக்கும்.
இது மூன்று நாளாய்க் குழிக்குள்ளிருந்து கொட்டுகிறது,
பாயில், பஸ் படியில்,
பட்டறையின் சீமெந்து நிலத்தில்.
யோகதாஸ் தும்புத்தடியை நீட்டுகிறான்.
கிடக்கட்டும் என்றேன்.