விசில் இல்லாத ஆறு வாரம்

ஐந்து மில்லிமீட்டர்தான் மிச்சம், என்றார் டாக்டர் நஸ்ரின்.
படத்தில் என் இடது கன்னம்
கறுப்பாக இருந்தது. காற்று, என்றார்.
பல் போன இடத்தில் எலும்பு கரைந்து
மேலறை கீழே இறங்கிவிட்டதாம்.
ஆறு வருடம் முன் மேட்டுப்பாளையத்தில்
இருநூறு ரூபாய்க்குப் பிடுங்கிய கடைவாய்ப் பல்.
பிடுங்கியவன் இதைச் சொல்லவில்லை.

கன்னத்துப் பக்கம் ஜன்னல் வெட்ட மாட்டேன்,
பல் இருந்த வழியாகவே போகிறேன்.
கடைசி ஒரு மில்லிமீட்டரைத் துளைக்காமல்
தட்டித் தூக்குவது.
அதற்கும் மேலே ஒரு சவ்வு:
அவித்த முட்டையை உரிக்கும்போது
ஓட்டோடு வருமே, அது.
கிழியக் கூடாது.

கையெழுத்துக்கு முன் கேட்டார்:
நிரப்புவது மாட்டெலும்புத் தூள், சம்மதமா பெள்ளிராஜ்?
பசுவா எருமையா, என்றேன்.
எங்கள் ஹட்டியில் அது ஒரு கேள்வி.
பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.
பசு. வெளிநாடு. ஊர் பெயர் போடவில்லை.
போட்டேன்.

மரத்த வாயில் வலி இல்லை, சத்தம் இருந்தது.
டக். டக்.
மண்டை முழுக்கத் தகரம்.
இருபது வருடமாக பஸ்ஸின் விலாவைத் தட்டுகிறேன்,
பஸ்ஸுக்கு எப்படி இருக்கும் என்று
ஒருநாளும் நினைத்ததில்லை.

மூக்கைப் பிடித்து மெல்ல ஊதச் சொன்னார்.
சின்னக் கண்ணாடியையே பார்த்திருந்தார்.
குமிழி வரவில்லை.
பிறகுதான் என் ரத்தத்தைச் சுழற்றி எடுத்த கூழில்
தூளைக் குழைத்து, ஈர மணலாக்கி
கொஞ்சம் கொஞ்சமாக மேலே அனுப்பினார்.

மூக்குச் சிந்தாதீர்கள்.
தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள்.
ஸ்ட்ரா வேண்டாம். இரண்டு வாரம் மலை இறங்க வேண்டாம்.
விசில்? என்றேன்.
எழுதுவதை நிறுத்தி
என் காக்கிச் சட்டையை அப்போதுதான் பார்த்தார்.
ஆறு வாரம்.

கோத்தகிரி டைம் ஆபீஸில் உட்கார்ந்து
அடுத்தவர் விசில்களைக் கேட்டேன்.
முகம் பார்க்காமல் சொல்வேன், எது யாருடையது என்று.
எச்சில் அதிகம் ஒருவனுக்கு.

மூன்றாம் வாரம் வண்டி ஏறினேன்.
ஊமைக் கண்டக்டர், என்றார் டிரைவர் மாதப்பன்.
குஞ்சப்பனைக்குக் கீழே
மழையில் உட்கார்ந்த சாலையை
அடியில் கல் அடுக்கித் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.
ஒரு வண்டி போக மட்டும் இடம்.
இறங்கி, பின்சக்கரத்தைப் பார்த்து,
உள்ளங்கையால் தகரத்தைத் தட்டினேன்,
இரண்டு தட்டு,
முதல்முறை கொஞ்சம் மெதுவாக.

அடுத்த வளைவில் காது அடைத்தது,
அதற்கடுத்ததில் பொட்டென்று திறந்தது.
இடது கன்னம் மட்டும்
ஒன்றும் சொல்லவில்லை.
டிக்கெட், டிக்கெட், என்றேன்
வலப்பக்க வாயால்.