இரண்டு சுழி

கல்முனை ஸ்டாண்டில் ஐந்தாவது ஓட்டோ என்னுடையது.
ஹயர் வரும்வரை பின்சீற்றில் வாழ்த்து மட்டை வெட்டுவேன்.
முன்னால் நிற்கும் நால்வரும் சிரிப்பார்கள்.
பிறகு, மனைவியின் பிறந்தநாளுக்கு முதல் நாள் இரவு
ஒவ்வொருவராய் வந்து
"இஸ்ஸதீன், ஒண்டு கிடக்கா?" என்பார்கள்.

பிழை விடாமல் நான் ஒரு மட்டையும் செய்ததில்லை.
பிளேன்டீ கவிழ்ந்ததில்
கறை காயட்டும் என்று பொறுத்திருந்து
அதன் ஓரத்தைப் பேனையால் சுற்றி வந்தேன்:
கிட்டங்கி வயலில் படுத்துக் கிடக்கும் எருமை.
கொம்பு மட்டும்தான் நான் வைத்தது.
பசை வழிந்த இடத்தில் பாண்டிருப்புக் கடற்கரை மணல்.
கோணலாய் வெட்டுப்பட்டதை இன்னும் கோணலாக்கி
வால் ஒட்டிப் பட்டம் என்று விற்றேன்.

எல்லாம் தப்புவதில்லை.
ஒரு கலியாண மட்டையில்
மாப்பிள்ளையின் பெயருக்குப் பதிலாக
ஊரில் முன்பு அடிபட்ட இன்னொரு பெயரை எழுதிவிட்டேன்.
அதற்கு எருமை உதவாது.
தேத்தண்ணிக் கடை அடுப்பில் போட்டு
எரிந்து முடியும்வரை நின்று பார்த்தேன்.

கோமளாம்பிகை டீச்சர் கேட்டது ஒரே ஒரு சொல்.
தங்கச்சி கனடாவில்.
ஆறு வருசமாய்ப் பேச்சில்லை.
காணிக் கதை; பாதியை ஓட்டோவில் சொன்னா,
மீதியை வேலி சொல்லும்.
"பூ வேண்டாம் தம்பி, மினுக்கமும் வேண்டாம்.
பெரிய எழுத்தில்
மன்னித்துக்கொள். அவ்வளவும் போதும்."

பட்டைப் பேனையால், மூச்சைப் பிடித்து, எழுதினேன்.
மை காய்ந்த பிறகுதான் வாசித்தேன்:

மண்ணித்துக்கொள்.

கைக்கும் காது இருக்கிறது போலும்.
வழியெல்லாம் அவ சொன்ன மண்ணை
அது அப்படியே இறக்கி வைத்திருக்கிறது.

வேறு மட்டை இல்லை. தபால் கந்தோர் மூட அரை மணித்தியாலம்.
மூன்று சுழியில் ஒன்று போனால் இரண்டு சுழி.
செருப்புத் தைக்கும் பரீதிடம் ஓடி
வார் துளைக்கிற வட்ட உளியை வாங்கினேன்.
ஒரு தட்டு. பிறகு இன்னொரு தட்டு.
ண் போய் ன் ஆனது, ணி போய் னி ஆனது.
சரி என்று நிமிர்ந்தால்
மட்டை மடித்தபடியே இருந்திருக்கிறது;
பின்பக்கமும் சேர்ந்து ஓட்டை.

இரண்டு ஓட்டை, சட்டைப் பொத்தானைப் போல.
பொத்தானுக்கு என்ன செய்வார்கள்?
மருதமுனைத் தறியில் மிஞ்சிய சிவப்பு நூல்
டாஷ்போர்ட்டில் கிடந்தது.
முன்னும் பின்னும் கோத்து முடிச்சுப் போட்டேன்.
இனி நூலை அவிழ்த்தால்தான் மட்டை திறக்கும்.

டீச்சர் வந்தா. கண்ணாடியை ஏற்றினா.
முப்பது வருசம் சிவப்புப் பேனை பிடித்த விரல்
ஒவ்வொரு எழுத்தாய்ப் போய்
ஓட்டையில் நின்றது.
நான் அடிவாங்கப் போகிறவனைப் போலக் கையைக் கட்டிக்கொண்டேன்.

பிழையை அவ கேட்கவில்லை.
முடிச்சைத் தொட்டு,
"இதை அவள் அவிழ்ப்பாளா?" என்றா.

என்ன சொல்ல?
"கனடாவில கத்தரிக்கோல் இல்லாமலா, டீச்சர்."

அவ சிரித்த மாதிரி இருந்தது.
தபால் கந்தோர்வரை ஓட்டினேன். பள்ளம் வந்த இடமெல்லாம் மெதுவாக.
காசு வேண்டாம் என்றேன், சீற்றில் வைத்துவிட்டுப் போனா.

அந்தியில் நீலாவணைக்கு ஒரு ஹயர்.
மிச்சக் காசு எண்ணும்போது பார்க்கிறேன்,
பெருவிரலில் பசையோடு ஒட்டியிருக்கிறது
குத்தி எடுத்த ஒரு சுழி.
மற்றது எங்கே விழுந்ததோ.
உதறுவதற்குள்
நூறு ரூபாய்த் தாளில் மாறி ஒட்டிக்கொண்டது.
அந்த மனுசன் கவனிக்கவில்லை,
தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு
கடற்கரைப் பக்கம் நடந்தார்.