அரை நொடி சாம்பிள்

ஃபுஜைராவில், கடற்கரைச் சாலைக்கு ஒரு தெரு உள்ளே,
சீட் கவரும் சன் ஃபிலிமும் விற்கிற கடையில்
மூன்றாவது தட்டு என் பொறுப்பு.
அதில் ஹாரன்கள்.
தேசிய தினத்துக்கு நாற்பது போகும்,
மற்றபடி வெள்ளிக்கிழமைகள்தான்:
அஸர் தொழுகை முடிந்து
காளைகள் தலை முட்டும் நாள்.

கேட்பவர்களிடம் நான் சொல்வது இது.
கேஸ் டப்பா கையடக்கம், தலையில் சிவப்பு ஊதல்.
நூற்றிருபது டெசிபல் என்று அட்டை சொல்லும்,
அட்டைக்கு என்ன, அது சொல்லும்.
விட்டு விட்டு அழுத்துங்கள்.
பிடித்தபடியே இருந்தால் டப்பா குளிர்ந்து
குரல் கம்மிப்போகும்.
ஆகஸ்டில் இந்த ஊரில்
விரலில் பனி பூக்க வைக்கிற ஒரே சாமான் அதுதான்.
டாஷ்போர்டில் மறந்துவிட்டு மீன் வாங்கப் போகாதீர்கள்,
திரும்பி வந்து கண்ணாடி பொறுக்கிய ஒருவரை எனக்குத் தெரியும்.
பேட்டரியில் ஓடுவது
லாரியின் தொண்டை.
தோளில் பிள்ளை இருந்தால் வேண்டாம்.
கைப்பம்புக்கு கேஸும் கிடையாது, சார்ஜும் கிடையாது,
மரியாதையும் கிடையாது.
வாத்து.

காளைகள் கொம்பு கோத்திருக்கும்போது ஊதாதீர்கள்.
ஒன்று திரும்பி நடந்த பிறகு ஊதுங்கள்.
இதைச் சொல்லும்போது எல்லோரும் மிச்சக் காசை எண்ணுகிறார்கள்.

வாங்கும் முன் அரை நொடி சாம்பிள் உண்டு.
அதற்கு மேல் போனால் எதிர் சலூன்காரன்
கத்தியோடு எட்டிப் பார்ப்பான்.

ரொகிபுல் வந்தது ஒரு செவ்வாய்.
சட்டையில் கருவாட்டு நாற்றமும் பேரீச்சம்பழப் பிசுக்கும்,
இரண்டும் காளையின் சாப்பாடு.
காளையின் பெயர் ரஅத். இடி என்று அர்த்தம்.
இடிக்குச் சத்தம் என்றால் பயம்,
முதலாளிக்கு இது தெரியாது.
"ஜெயிச்சா நான் ஊதணும். என் காசு.
அது பயப்படாத மாதிரி ஒண்ணு குடு"
என்றான், உடைந்த இந்தியில்,
என் இந்தியும் உடைந்ததுதான் என்பதால் முழுசாகப் புரிந்தது.

மாட்டுக் காதுக்கு ஹாரன் கேட்டு
இதற்குமுன் யாரும் வந்ததில்லை.
மூன்றையும் கொடுத்தனுப்பினேன்.
சீல் உடையும், ஹம்சக்கோயா திட்டுவார்,
தெரிந்துதான்.

வியாழன் இரவு வந்து அறிக்கை படித்தான்.
லாரிக்கு: நின்ற இடத்திலேயே மூத்திரம்.
கயிறு அறுத்த உள்ளங்கையை விரித்துக் காட்டினான்.
டப்பாவுக்கு: திமில் நடுங்கியது, தொட்டியை விட்டு விலகியது.
வாத்துக்கு:
மென்றுகொண்டே
ஒரு காதைத் திருப்பியது.
பத்து திர்ஹம் வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் நானும் போனேன்.
வேலிக்கு வெளியே பிக்கப்புகள், கூரைகளில் கந்தூராக்கள்,
பின்னால் மலை நிறம் மாறிக்கொண்டிருந்தது.
நாலு நிமிஷம் இருக்கும்.
இரண்டு நெற்றிகள், நடுவில் புழுதி, ஒரு சத்தமில்லை.
பிறகு எதிராளிக் காளை
ஏதோ ஞாபகம் வந்ததுபோல் முகத்தைத் திருப்பி நடந்தது.

அப்போது திறந்தன எல்லா லாரித் தொண்டைகளும்.
என் தட்டிலிருந்து போனவை.
ரஅத்தின் விலா வெடவெடத்தது,
ஆறு பேர் கயிற்றில் தொங்கினார்கள்.
ரொகிபுல் ஓடி அதன் கழுத்தோரம் நின்று
பம்பை அமுக்கினான், அமுக்கினான்.
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
கை போய் வந்தது மட்டும் தெரிந்தது,
அப்புறம் ஒரு காது
மெதுவாக அவன் பக்கம் திரும்பியது.

என் பையில் சீல் உடைந்த அந்த டப்பா இருந்தது.
கட்டைவிரல் பொத்தான் மேல் இருந்தது.
எடுத்துவிட்டேன்.

சம்பளத்தில் அறுபத்திரண்டு திர்ஹம் பிடித்தார்கள்.
டப்பா இப்போது சாம்பிளுக்கு.
குலுக்கினால் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது.