செவ்வாய்க்கிழமை, பத்தேகால்

செவ்வாய்க்கிழமை பத்தேகாலுக்கு
டொக்டர் எங்கள் அறைக்குள் வருவா,
செருப்புக் கழற்றாமல்.

அதற்கு முன்னமே சசிரூபி
சலப்பையை ஊற்றி, சீற் மாற்றி,
கடன் சொல்லி டேற்றா போட்டிருப்பாள்.
கவரேஜ் யன்னலின் இடதுபக்கக் கம்பியில்தான் நிற்கும்.
கட்டிலைத் திருப்பிவிட்டோம். தலை வடக்கே.
ஆகாது என்கிறா மாமி.
ஒட்டுசுட்டான் கோபுரம் அந்தப் பக்கம் என்றால்
அவவுக்கு விளங்காது.

முந்தியென்றால் என்னை மடித்து
ஓட்டோவில் ஏற்றி மாங்குளம் போய்ச் சேர
பழைய புண்ணோடு புதிதாய் ஒன்று கிழிந்திருக்கும்.
இது நல்லதுதான். பொய் சொல்லக்கூடாது.

குப்புறக் கிடப்பேன்.
தலையணையும் சுவரில் போகிற எறும்பும் என் பங்கு.
மிச்சம் அவையளின் பங்கு.
"கிட்டக் கொண்டு வாங்கோ அக்கா."
"லைற்றை மறைக்காதேங்கோ."
"ஓரத்தில என்ன, மஞ்சளா?"
வரம்பு உடைந்ததைப் பற்றிக் கதைப்பதுபோல
என்னைப் பற்றிக் கதைக்கினம்.
முடிவில் எனக்கும் ஒரு கேள்வி வரும்:
"அண்ணா, நோகுதா?"
பதினைந்து வருசமாய்
நெஞ்சுக்குக் கீழிருந்து எனக்குத் தகவல் வருவதில்லை.
"இல்லை டொக்டர்."
எழுதிக்கொள்ளுவா.

எவ்வளவு பெரிசு என்று கேட்டால்
ரெண்டு ரூபாக் குத்தியளவு என்பாள் சசி.
நாலு மாதமாய் ரெண்டு ரூபா.
அரிசி ஏறியது, மண்ணெண்ணெய் ஏறியது,
அது ஏறவில்லை.

நேற்றிரவு நித்திரை வராமல்
டொக்டருக்கு அனுப்பின படங்களைத்
தட்டித் தட்டிப் பார்த்தேன்.
ஒரு சிரட்டை அடங்கும்.
சிவந்து, ஆழமாய்,
யாரோ ஒருவரின் உடம்பில்.
பயமாயில்லை. ஆளைத் தெரியாதே.

பதினோராவது படத்தில் புண் இல்லை.
விரல் தவறிக் கமெரா திரும்பியிருக்கிறது.
சசிரூபி, கீழிருந்து.
பல்லில் கவ்விய பிளாஸ்டர் துண்டு.
அந்தக் கண்.
தேத்தண்ணியோடு என் முன்னால் வரும்போது
எங்கே கழற்றி வைத்துவிட்டு வருகிறாளோ
அந்தக் கண்.

இன்றைக்கும் டொக்டர் வந்தா,
கட்டம் கட்டமாய் உடைந்து, பிறகு பொருந்தி.
"நோகுதா அண்ணா?"

"ஓம்" என்றேன்.

மாங்குளத்தில் ஒரு கதிரை இழுபட்டது.
"எவடத்தில? எப்ப தொடக்கம்?
திரும்பச் சொல்லுங்கோ, திரும்ப..."
அவ்வளவில் உறைந்துபோனா.
கவரேஜ் கம்பியை விட்டு இறங்கிவிட்டது.

எனக்குப் பின்னால் எங்கோ
ஒரு கை நிற்கவேண்டும்.
எனக்குத் தெரியாது.
பிளாஸ்டர் கிழிகிற சத்தம்
பாதியில் நின்றதுதான் கேட்டது.