நுரைமேல் மூடி

கடைக்காரன் மூன்றையும் கண்ணாடி மேசையில் பரப்பினான்.
வெளியே பெம்பினா சாலையில் மைனஸ் இருபத்து நான்கு.
உள்ளே மால்ட் வாசனை, எங்கள் பூட்ஸிலிருந்து உருகி ஓடும் தண்ணீர்.

முதலாவது, எதிரழுத்தக் கருவி.
மூன்று திருகு, இரண்டு குழாய், ஒரு மானி.
புட்டிக்குள் முதலில் வாயுவை ஏற்றி
பீப்பாயில் இருக்கிற அதே அழுத்தத்தை அங்கேயும் உண்டாக்கி
பிறகுதான் பியரை இறக்குமாம்.
"இடம் மாறினதே பியருக்குத் தெரியாது" என்றான்.
மதிவதனன் என்னைப் பார்க்கவில்லை.
வெள்ளிக்கிழமை ரெஜைனாவுக்கு இடம் மாறுகிறவன் அவன்.

இரண்டாவது, துப்பாக்கி.
எவர்சில்வர் மூக்கு, விசை, பின்னால் வாயுவுக்கு ஒரு பொத்தான்.
வாங்கிப் பார்த்தேன். நல்ல கனம்.
டயாலிசிஸ் பிரிவில் நாள் முழுக்கக் குழாயும் அழுத்தமுமாய்க் கிடப்பவள்;
ஒழுங்காகச் செய்த பொருளை என் கை உடனே அறியும்.
நூற்று நாற்பத்தொன்பது டாலர். வரி தனி.

மூன்றாவதைக் கருவி என்று சொல்ல அவனுக்கே கூச்சம்.
ஒரு முழம் குழாய், துளையிட்ட ரப்பர் அடைப்பான்.
"கறுப்பு பிளாஸ்டிக் முனை வீட்டில் இருக்குமே,
அதில் செருகிக்கொள்ளுங்கள்."
ஆறு டாலர்.

வீட்டில் இருப்பது ஒரே பீப்பாய், பத்தொன்பது லிட்டர்.
கோதுமை பியர். ஆரஞ்சுத் தோல் அவன் சீவியது.
மல்லி, ரசத்துக்கு வைத்திருந்த டப்பாவிலிருந்து நான் இடித்துப் போட்டது.
காய்ச்சும்போது பேசிக்கொண்டுதான் இருந்தோம்.
அது புளித்து அடங்குவதற்குள் வக்கீலுக்கு எழுதிவிட்டோம்.
சோபா அவனுக்கு. கிரைண்டர் எனக்கு.
பீப்பாயும் எனக்கு,
உள்ளே இருப்பதில் பாதி அவனுக்கு.

"துப்பாக்கியே எடுப்போம். பாதிக் காசு நான் தருகிறேன்."
"பிறகு அது யாருக்கு?"
கடைக்காரன் விலைச்சீட்டுகளை நேராக அடுக்கத் தொடங்கினான்.
ஆறு டாலரை எடுத்து வைத்தேன்.

புட்டிகளைக் கழுவி, கிருமிநீக்கி ஊற்றி வடித்து,
கராஜுக்கு வெளியே பனியில் கழுத்துவரை புதைத்தோம்.
புட்டி வெதுவெதுப்பாய் இருந்தால் பியர் சீறும்.
அழுத்தத்தைப் பன்னிரண்டிலிருந்து நான்குக்கு இறக்கினேன்;
பீப்பாய் நீளமாக ஒரு மூச்சு விட்டது.

இந்த ஆறு டாலர் சாமானுக்கு நான்கு கை வேண்டும் என்று
யாரும் சொல்லவில்லை.
நான் அடைப்பானை அழுத்திப் பிடிக்க, அவன் முனையைத் திறப்பான்.
அடியிலிருந்து பொன்மங்கலாய் ஏறும், பாதியில் நிற்கும்.
அடைப்பானின் ஓரத்தைச் சற்றே நெகிழ்த்தினால்
ஒரு ஸ்ஸ்,
மறுபடி ஏறும்.
"விடு."
"போதும்."
"பொறு, பொறு. இப்ப விடு."
கோடைக்குப் பிறகு இவ்வளவு பேசியது அன்றுதான்.

நுரை வாயைத் தாண்டி வழியும்போதே
மூடியை அதன்மேல் வைத்து நசுக்க வேண்டும்.
நுரை நிற்கிற இடத்தில் காற்றுக்கு இடமில்லை.
புகுந்துவிட்டால் பியர் நனைந்த அட்டையாய் ருசிக்கும்,
எவ்வளவு மல்லி போட்டிருந்தாலும்.

பதினோராவது புட்டியின் அடியில் தங்கிய சொட்டு
உறைந்து முள்ளாகியிருந்தது.
பியர் அதில் பட்டதும் பொங்கி எழுந்து
அவன் மூக்குக்கண்ணாடியை மூடிற்று.
துடைக்கக் கை நீட்டினேன்.
பாதியில் நிறுத்தி, துணியை எடுத்துக் கொடுத்தேன்.

இருபத்தேழு புட்டி. இருபத்தெட்டாவது நிறையவில்லை.
மேலே அத்தனை காற்றோடு மூடிப் பயனில்லை,
அப்போதே குடிக்க வேண்டியது.
அவன் வண்டி ஓட்ட வேண்டும்.
கராஜ் தரையில் வைத்துவிட்டுப் போனான்.
கையுறையோடேயே குடித்தேன்.
மல்லி கொஞ்சம் தூக்கல்.

ஜனவரியில் ஒரு செய்தி வந்தது:
"காஸ் அப்படியே இருக்கு."

எழுதினேன்:
"வைத்துக்கொண்டிராதே.
இப்படி அடைத்தது ரொம்ப நாள் தாங்காது."