பதினொரு கிலோமீற்றர்

சிங்கப்பூரிலிருந்து கட்டுநாயக்காவுக்கு
இரண்டாயிரத்து எழுநூறு கிலோமீற்றர் சொச்சம்,
மூன்றே முக்கால் மணித்தியாலம்.
கட்டுநாயக்காவிலிருந்து திருக்கோவிலுக்கு
முந்நூற்று முப்பதுதான்.
அதற்கு எட்டரை,
மகா ஓயாப் பக்கம் ஆனை மறிக்காவிட்டால்.

கணக்கில் பிழை பிடித்தவள் யதுர்ஷிகா.
மூன்றாம் வகுப்பு.
"பெரிய தூரத்துக்குக் கொஞ்ச நேரம்,
சின்னத் தூரத்துக்குக் கூட நேரமா?
ரீச்சர் பிழை போடுவா, அம்மா."

இரவு பத்தே முக்கால்.
போனுக்குள் சின்ன விமானம்
கடலை விட்டுக் கரை ஏறுகிறது.
இரண்டு விரலால் விரித்துப் பார்த்தேன்:
தம்பிலுவில் சந்தி, பிறகு சந்தைக் கட்டடம்,
பிறகு எங்கள் ஒழுங்கை,
பேர் போடாத சாம்பல் கோடு.

உயரம் முப்பத்தாறாயிரம் அடி.
பெருக்கிப் பிரித்தேன். பதினொரு கிலோமீற்றர்.
அக்கரைப்பற்றுக்குப் பதின்மூன்று.
கிழமைக்கு ஒருக்கா அங்கே லோன் கட்டப் போய்வருகிறேன்,
பஸ்ஸில், நின்றபடி.
இரண்டு வருசத்தில்
இவ்வளவு கிட்ட அவர் வந்ததே இல்லை.

முற்றத்துக்கு ஓடினோம்.
குசினி லைட், கிணற்றடிக் குண்டு பல்ப்,
எரியக்கூடியது எல்லாவற்றையும் போட்டோம்.
யது டோர்ச்சை வானத்துக்குப் பிடித்து
அணைத்து அணைத்துப் போட்டாள்.
பக்கத்து வளவு நாய் எங்களைப் பார்த்துக் குரைத்தது.
மேலே
ஒரு சிவப்புப் புள்ளி.
சத்தம் மட்டும் பின்னால்,
அது முன்பு நின்ற இடத்திலிருந்து வந்தது.

"பெல் அடிச்சா நிப்பாட்ட மாட்டாங்களா?"
"ஏலாது மகள்."
"அப்பா இறங்குற இடம் இதுதானே?"

இதுதான்.
இதைத் தாண்டிப் போய் இறங்கி,
முத்திரை குத்தி, பெட்டி தேடி,
றம்சீனின் வானில் ஏறி,
கேகாலை, கண்டி, மகியங்கனை என்று
தாண்டிய இடத்துக்கே திரும்பி வரவேண்டும்.

பன்னிரண்டரைக்கு அழைத்தார்.
யது போனைப் பறித்தாள்.
"லைட் அடிச்சம் அப்பா, கண்டீங்களா?"

ஒரு மௌனம்.
சிங்கப்பூரிலிருந்து பேசும்போது இடையில் விழுகிற,
கடல் கடக்கிற மௌனம் இல்லை அது.
சதாகரனை எனக்குத் தெரியும்.
கல்முனை பஸ்ஸில் ஏறினாலே
பாண்டிருப்புக்கு முன்னம் வாய் பிளந்து தூங்குகிற மனுசன்.

"கண்டனே," என்றார். "மஞ்சள் லைட்."

டோர்ச் வெள்ளை.
அவள் என்னைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள்.
"கிணற்றடி பல்பைக் கண்டிருக்கிறார்,"
எனக்கு விளங்கப்படுத்தினாள்.
பிறகுதான் படுத்தாள்.

ஐந்தேகாலுக்கு மகியங்கனை.
இறாலை ஐஸிலிருந்து எடுத்து வெளியே வைத்தேன்.
ஆறரைக்கு ஒரு செய்தி:
மகா ஓயா தாண்டி. ஆனை. நிக்கிறம்.

இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டேன்.
ஆனையிட்டக் கேட்டுச் சொல்றன் என்றார்.
இறாலைத் திரும்ப உள்ளே வைத்தேன்.