சுரண்டும்போது வாசித்தது

இருபத்திரண்டு ஆயர்கள், மூன்று நாள்,
ஆற்று மீனும் வாதமுமாக இருந்து எழுந்தபின்
எங்கள் மடத்துக்குத் திருமுகம் வந்தது:
‘ஸப்தாயின் நூலை அழிக்க. தோலைக் காக்க.’

தோல் விலை அப்படி.
ஓர் ஆட்டுக்கு நான்கு ஏடு.
அந்த ஆண்டு ஆடுகளும் செத்திருந்தன.

பாலில் ஊறவைத்தேன். நுரைக்கல்லால் தேய்த்தேன்.
கத்தியைச் சாய்த்துப் பிடிக்கும்வரை
எளிய வேலை என்றுதான் நினைத்திருந்தேன்.
நகல் எடுப்பவன் தூங்கிக்கொண்டே எழுதலாம்,
நான் எழுதியிருக்கிறேன்.
சுரண்டுகிறவன் கண்ணயர்ந்தால் தோல் கிழியும்.
ஒவ்வோர் எழுத்தையும் அவன் பார்த்தாக வேண்டும்,
அது இல்லாமல் போகும்வரை.

கடைசி ஏட்டில் தொடங்கினேன்.
ஆகவே கிழவராகத்தான் அவர் எனக்கு அறிமுகம்:
பெருத்த எழுத்து, சரியும் வரி, ஓரத்தில்
‘இன்று பல்வலி. திரித்துவம் நாளை.’
அந்த நாளை வரவில்லை.

ஏடு புரளப் புரள அவருக்கு வயது குறைந்தது.
குகை. குகைக்குள் வந்து
ஒற்றைச் செருப்பைத் தூக்கிப் போன நரி.
பிறகு, அதாவது அதற்கு முன்பு, சீடர்கள்:
‘மௌனம் பழக முப்பது பேர் வந்திருக்கிறார்கள்.
அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.’
அதற்கும் முன்பு
நிசிபிஸ் சுங்கச்சாவடியில் மிளகு மூட்டை எண்ணியவர்,
கடன்பட்டவன் முகத்தை
இருட்டிலும் அடையாளம் காண்பவர்.
ஏன் ஓடிவந்தார் என்று எழுதவில்லை.
பர்ஷப்பா என்று ஒரு பெயர் மட்டும் மூன்று இடத்தில்.
மூன்றிலும் அவரே அடித்திருக்கிறார்.
அவர் அடித்ததை அழிக்க எனக்கு என்ன உரிமை?
அழித்தேன்.

நடு ஏட்டில்தான் இருந்தது குற்றம்.
‘கடவுளுக்கு எல்லாம் தெரியும் என்கிறீர்கள்.
மறக்கவும் தெரியும் அவருக்கு.
தெரியாதென்றால் நமக்கு ஏது போக்கிடம்?’
இருபத்திரண்டு பேருக்குச் செரிக்காத வரி,
என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.
மூன்று முறை தேய்த்தேன்.
மை தோலைக் கடித்து உள்ளே இறங்கியிருந்தது.

அவருடைய செபங்கள் சாகவில்லை.
யாருக்கும் உறுத்தாத வேறொரு பெயரின் கீழே
அதே ஆயர்கள் அவற்றைப் பாடுகிறார்கள்,
கண்ணீரும் விடுகிறார்கள்.
பெயரை மாற்றிய கை எது என்று
என்னைக் கேட்க வேண்டாம்.

சுத்தமான தோலைக் களஞ்சியத்துக்குக் கேட்டார்கள்.
இப்போது அதில் எண்ணெய்க் கடன் கணக்கு,
என் கையெழுத்திலேயே.
மாரிக்காலத்தில் தோல் ஈரம் குடிக்கும்போது
ஜாடிகளின் எண்ணிக்கைக்கு அடியில்
பழுப்பாக ஏதோ எழுந்து வரும்;
எலி மூத்திரம் என்பார் களஞ்சியக்காரர் கெவோ.

ஷூஷான், விதவை, பதினொரு ஜாடி.
அந்த வரி மட்டும்
நடு ஏட்டில், அந்த இடத்தின்மேல் விழ வேண்டியிருந்தது.

‘ஒரு பெயர் குறைகிறதே’ என்றார் கெவோ,
விரலை நக்கி ஏட்டைத் திருப்பித் திருப்பி.
பல்வலி என்று
கன்னத்தைப் பிடித்துக்கொண்டேன்.